கயிறு வழுக்குகிறது, சிக்குகிறது, கருகுகிறது: மரம் இறக்கும் பொல்லார்டில் கோளாறு தேடும் வழி

வீட்டுச் சுவருக்கும் மின்கம்பிக்கும் நடுவில் நிற்கிற மரத்தை அடியோடு சாய்க்க முடியாது. மேலே ஒருவர் துண்டு துண்டாக அறுக்க, கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்து ஒவ்வொரு துண்டாக இறக்க வேண்டும். வெறும் கையால் அந்த எடை நிற்காது. அதனால் அடிமரத்தில் ஒரு குழாயைக் கட்டி, அதில் கயிற்றைச் சில சுற்று சுற்றி, உராய்வை வைத்து இறக்குகிறோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கென்றே போர்ட்டா-ராப், ஹாப்ஸ் போன்ற கருவிகள் விற்கின்றன. இங்கே விலையையும் கிடைக்கும் தொல்லையையும் பார்த்துவிட்டுப் பலரும் பக்கத்து வெல்டிங் பட்டறையில் பைப் கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்து இங்கே பொல்லார்டு என்றே சொல்கிறேன்.

பட்டறையில் செய்ததும் கயிற்றைப் பிடிக்கும். அதில் சந்தேகம் வேண்டாம், பிடிப்பது சுலபமான வேலை. எந்த எடையில் அது கைவிடும் என்பதுதான் அதைச் செய்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கீழே உள்ள கோளாறுகளில் பாதி கயிற்றாலும் கையாள்வதாலும் வருபவை. எந்தக் கருவியிலும் வரும். மீதி, செய்த விதத்தால் வருபவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எதைச் சரிசெய்யலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இது

மேலே இருப்பவரிடம் ரம்பத்தை நிறுத்தச் சொல்லுங்கள். துண்டு தொங்கிக்கொண்டிருந்தால் குழாயில் இன்னும் 2 சுற்று போட்டு, கயிற்று வாலை (கையில் பிடிக்கும் முனையை) குழாயிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியான கொம்பில் எட்டு வடிவில் மாற்றி மாற்றிச் சுற்றிப் பூட்டுங்கள். தொங்கும் துண்டுக்கு நேர் கீழே யாரும் போகக் கூடாது. அப்புறம்தான் கோளாறைப் பார்ப்பது. கையில் எடையைப் பிடித்துக்கொண்டே யோசிக்கிற பழக்கம்தான் உள்ளங்கையை உரித்துவிடுகிறது.

கயிறு நிற்காமல் வழுக்குகிறது

குழாய் சின்னதாக இருப்பதால் பிடிக்கவில்லை, இன்னும் பெரிய குழாய் வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அது சரியில்லை. கயிறு எவ்வளவு கோணம் சுற்றியிருக்கிறது, கயிறும் குழாயும் ஒன்றோடொன்று எவ்வளவு உராய்கின்றன என்ற இரண்டும்தான் பிடிப்பை முடிவு செய்கின்றன. விட்டத்துக்கு அதில் பங்கே இல்லை. 2 இஞ்ச் குழாயில் 2 சுற்றும் 4 இஞ்ச் குழாயில் 2 சுற்றும் ஏறக்குறைய ஒரே பிடிப்பைத்தான் தரும். பெரிய குழாயால் வேறு நன்மைகள் உண்டு, அவை பின்னால் வரும்.

சுற்றின் கணக்கு கூட்டலாகப் போகாது, பெருக்கலாகப் போகும். உராய்வுக் கெழு (எவ்வளவு உராய்கிறது என்று சொல்லும் எண்) 0.2 என்று வைத்துக்கொண்டால், 1 சுற்று எடையை சுமார் 3.5-ல் ஒரு பங்காகக் குறைக்கும், 2 சுற்று 12-ல் ஒரு பங்காக, 3 சுற்று 43-ல் ஒரு பங்காக. 200 கிலோ துண்டு தொங்கும்போது 1 சுற்றில் உங்கள் கைக்கு 57 கிலோ வரும், யாராலும் நிதானமாகப் பிடிக்க முடியாது. 2 சுற்றில் 16 கிலோ. 3 சுற்றில் 5 கிலோகூட இல்லை.

இதே கணக்கில் கெழு 0.12 ஆகக் குறைந்தால் என்ன ஆகிறது பாருங்கள். அதே 2 சுற்றில் கைக்கு 44 கிலோ வந்துவிடும். நேற்று நின்ற 2 சுற்று இன்று நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புதுக் கயிறு, மழையில் நனைந்த கயிறு, செயின் ஆயில் பட்ட கயிறு, பளபளவென்று தேய்ந்துபோன குழாய் எல்லாமே கெழுவை மாற்றிவிடும். குழாயைத் துணியால் துடையுங்கள். ஆயில் பட்ட கயிறென்றால் அன்றைக்கு ஒதுக்கிவைத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். மற்றதெல்லாம் சுற்றைக் கூட்டினால் தீர்ந்துவிடும்.

பலரும் கவனிக்காமல் விடுகிற இன்னொரு காரணம் மேலே இருக்கிறது. மரத்தின் கவையிலேயே கயிற்றைப் போட்டு இறக்கிக்கொண்டிருந்தவர் கப்பிக்கு மாறினால், கீழே இருப்பவருக்குத் திடீரென்று எடை கூடும். சொரசொரப்பான பட்டை மேல் அரைச் சுற்று விழுவதே எடையில் பாதிக்கு மேல் குறைத்துவிடும். நல்ல கப்பி அந்த உதவியைச் செய்யாது. கருவி கெட்டுப்போனதாக நினைத்து அதை மாற்றிப் பயனில்லை. கப்பிக்கு மாறும் நாளில் கீழே 1 சுற்று அதிகம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சுற்றைக் கூட்ட குழாயில் இடமே இல்லை என்றால் அது செய்த விதத்தின் குறை. நம் பட்டறைப் பொல்லார்டுகளில் இதை அதிகம் பார்க்கலாம்: குழாயை ஒரு சாணுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் தகடு வைத்துவிடுகிறார்கள். 12 மி.மீ. கயிற்றில் 4 சுற்று சும்மா பக்கத்தில் பக்கத்தில் உட்காரவே 5 செ.மீ. வேண்டும். நகர்வதற்கு அதைப்போல இரண்டு மடங்காவது வேண்டும். கொம்புக்கும் உள்ளே வரும் கயிற்றுக்கும் தனியாக இடம் விட வேண்டும்.

கயிறு ஓட மாட்டேன் என்கிறது, மரமே உலுக்குகிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். வழுக்கலைவிட இதுதான் ஆபத்து, ஆனால் எல்லாம் கெட்டியாக நிற்பதால் யாரும் இதைக் கோளாறாக நினைப்பதில்லை.

100 கிலோ துண்டு ஒன்று, கயிறு இறுகுவதற்கு முன் 2 மீட்டர் விழுகிறது என்று வையுங்கள். கீழே இருப்பவர் 4 சுற்று போட்டு அசையாமல் பிடித்து, அது அரை மீட்டருக்குள் நின்றால், கயிற்றில் சராசரியாகவே 500 கிலோ வருகிறது. உச்ச விசை அதற்கும் மேல். அதே துண்டைக் கயிறு ஓடவிட்டு 2 மீட்டரில் மெதுவாக நிறுத்தினால் சராசரி 200 கிலோதான். மேலே கப்பி கட்டிய இடத்தில் கயிறு இரண்டு பக்கமும் கீழே இழுப்பதால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும்: ஒன்றில் 1000 கிலோ, இன்னொன்றில் 400. அந்தக் கப்பி இருக்கும் அதே மரத்தில்தான் உங்கள் ஆள் பெல்ட்டோடு நிற்கிறார்.

அதனால் மரம் உலுக்கினால் 1 சுற்றைக் குறையுங்கள். ஓடவிடுவதற்குக் கீழே இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மேலே சின்னத் துண்டாக அறுக்கச் சொல்லுங்கள். பச்சை மரத்தின் எடையைத் தண்ணீரின் எடையாகவே கணக்குப் போடலாம். 30 செ.மீ. விட்டமுள்ள மரம் 1 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 70 கிலோ, 40 செ.மீ. விட்டமென்றால் 125 கிலோ. கொஞ்சம்தான் பருமன் கூடியிருக்கிறது, எடை பாதிக்கு மேல் ஏறிவிட்டது பாருங்கள். கண்மதிப்பு ஏமாற்றுகிற இடம் இது.

சுற்றைக் குறைத்தும் ஓடவில்லை என்றால் கயிற்றின் வால் எதிலாவது மாட்டியிருக்கும், அல்லது கயிறு குழாய்க்கும் கொம்புக்கும் இடையில் நெரிபடும். பட்டறைக் கருவியில் கொம்பைக் குழாய்க்கு மிக ஒட்டி வைத்து வெல்ட் செய்திருந்தால் இந்த நெரிசல் வரும். உங்கள் கயிற்றின் தடிமனைப்போல 2 மடங்கு இடைவெளியாவது வேண்டும்.

விட்டு விட்டு இழுக்கிறது

கயிறு ஒரு நிமிடம் நிற்கும், அப்புறம் திடீரென்று ஒரு அடி ஓடும், மறுபடி நிற்கும். குழாயில் பெயின்ட் இருக்கிறதா பாருங்கள். பட்டறையில் அழகுக்கு அடித்துக் கொடுத்த எனாமல் பெயின்ட் சூட்டில் இளகிக் கயிற்றில் ஒட்டும். துருவும் இதையே செய்யும். கயிறு படும் பகுதியில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, 240-ல் முடியுங்கள். தேய்ப்பது குழாயைச் சுற்றி இருக்க வேண்டும், நீளவாக்கில் வேண்டாம். கிரைண்டர் டிஸ்க் விட்ட கீறல் நீளவாக்கில் இருந்தால் அது கயிற்றுக்கு அரம்.

கருகல் வாசனை, கயிறு கண்ணாடிபோல் பளபளக்கிறது

துண்டு கீழே வரும்போது இழக்கும் ஆற்றல் முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது. 200 கிலோவை 10 மீட்டர் இறக்கினால் சுமார் 20 கிலோஜூல். 2 கிலோ இரும்புப் பொல்லார்டு அதை முழுசாக வாங்கினால் 20 டிகிரி சூடேறும். நிறுத்தாமல் 5 துண்டு இறக்கினால் 100 டிகிரி ஏறும், அதோடு நம் ஊர் வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இது மொத்தக் குழாயின் சராசரி. கயிறு படும் மேற்பரப்பு ஓடும் நேரத்தில் இதைவிடச் சூடாக இருக்கும். மெதுவாக இறக்கினால் மொத்த வெப்பம் குறையாது, ஆனால் அது குழாய்க்குள் பரவ நேரம் கிடைக்கும்.

இப்போது கயிற்றைப் பாருங்கள். கடையில் நைலான் கயிறு என்று கேட்டால் கொடுக்கிற மஞ்சளோ நீலமோ பெரும்பாலும் நைலானே இல்லை, பாலிபுரோப்பிலீன். ஒரு துண்டு வெட்டி டம்ளர் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். உள்ளே இருந்த காற்றுக் குமிழ் வெளியேறிய பிறகும் மிதந்தால் அது பாலிபுரோப்பிலீனோ பாலித்தீனோ. மூழ்கினால் நைலான் அல்லது பாலியஸ்டர். பாலிபுரோப்பிலீன் 165 டிகிரி அருகில் உருகும், பாலித்தீன் 130 அருகிலேயே. பாலியஸ்டருக்கு 250-க்கு மேல் வேண்டும். உருகுவதற்கு வெகு முன்பே பலம் போய்விடும் என்பதையும் சேர்த்து யோசித்தால், மிதக்கிற கயிறு இந்த வேலைக்கு ஆகாது என்பது புரியும். பாலியஸ்டர் பின்னல் கயிறுதான் சரி. நைலான் மூழ்கும், பலமும் உண்டு. ஆனால் நனைந்தால் பலம் குறையும், ரப்பர் மாதிரி நீளும்.

பளபளத்த இடத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். மேல்நூல் மட்டும் மினுங்கி, வளைத்தால் உதிர்ந்து மெத்தென்று ஆகிவிட்டால் மேலோட்டமான தேய்ப்பு. விறைப்பாக, பிளாஸ்டிக் குச்சி மாதிரி மடங்க மறுத்தால் இழைகள் உருகி ஒட்டிவிட்டன. அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். நடுவில் வந்தால் அந்தக் கயிறு இனி இரண்டு குட்டைக் கயிறு, முடிச்சுப் போட்டு ஒட்டவைக்காதீர்கள்.

குழாயின் சூட்டைத் தெரிந்துகொள்ள ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சீறினால் 100-ஐத் தாண்டிவிட்டது, கொஞ்ச நேரம் ஆறட்டும். குளிரவைக்கிறேன் என்று குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு உடனே அடுத்த துண்டை இறக்காதீர்கள். சூடு தணியும், உராய்வும் போய்விடும்.

வாங்கியதா செய்ததா என்ற வித்தியாசம் இங்கே நன்றாகத் தெரிகிறது. கடைக் கருவிகள் அலுமினியத்திலும் வருகின்றன, இரும்பிலும் வருகின்றன. அலுமினியம் வெப்பத்தை மைல்ட் ஸ்டீலைவிட ஏறக்குறைய 3 மடங்கு வேகமாகக் கடத்தும், அதனால் மேற்பரப்பில் சூடு தேங்காது, ஆனால் சீக்கிரம் தேயும். நம் பட்டறைகளில் கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று படிக்கட்டுக் கைப்பிடிக்கு வைக்கிற எஸ்.எஸ். பைப்பில் செய்து கொடுப்பார்கள். துருப்பிடிக்காது என்பதைத் தவிர இந்த வேலைக்கு அதில் ஒரு நல்லதும் இல்லை. வெப்பத்தைக் கடத்துவதில் மைல்ட் ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான், சூடு முழுவதும் கயிறு படும் தோலிலேயே நிற்கும். கைப்பிடிப் பைப் 1.5 மி.மீ. தகட்டுக் கனம்தான் இருக்கும். இறுகிய கயிறு 3 சுற்று சேர்ந்து நெருக்கினால் அது டின் டப்பாபோல் நசுங்கும்.

பெரிய குழாயின் நன்மை இங்கேதான் வருகிறது. கனமான பைப் அதிகச் சூட்டை வாங்கிக்கொள்ளும், கயிறும் இதமாக வளையும். கயிற்றின் விட்டத்தைப்போல 4 மடங்காவது குழாய் விட்டம் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலாகச் சொல்லும் அளவு. 12 மி.மீ. கயிற்றுக்கு 48 மி.மீ. கடையில் 2 இஞ்ச் என்று சொல்கிற பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ., 3 இஞ்ச் என்பது 88.9 மி.மீ. எனக்கு 3 இஞ்ச், கனமான ரகம்தான் பிடிக்கும். எடையைத் தூக்கித் திரிவது கஷ்டம்தான், ஆனால் அந்த எடைதான் சூட்டை வாங்குகிறது.

சுற்று மேல் சுற்று ஏறிச் சிக்கிக்கொண்டது

உள்ளே வரும் கயிறு முந்திய சுற்றின் மேல் ஏறி அதை அமுக்கிவிட்டால் வால் பக்கம் எவ்வளவு தளர்த்தினாலும் ஒன்றும் நகராது. துண்டு அந்தரத்தில் நிற்கும். விரலை விட்டு நெம்பாதீர்கள், ஸ்க்ரூடிரைவரும் வேண்டாம். திடீரென்று விடுபட்டால் விரல் குழாய்க்கும் கயிற்றுக்கும் நடுவில் போய்விடும்.

எடையை வேறு இடத்துக்கு மாற்றுவதுதான் வழி. சின்னக் கயிறு ஒன்றை வளையமாக முடிந்து, பொல்லார்டுக்கு மேலே இறுகி நிற்கிற கயிற்றில் புருசிக் முடிச்சாக (இழுத்தால் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளும் முடிச்சு) போடுங்கள். அந்த வளையத்தை இன்னொரு கயிற்றாலோ சின்ன செயின் பிளாக்காலோ அடிமரத்தில் வேறு ஸ்லிங்கில் (மரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டை) கட்டி இழுத்து, ஒரு சாண் தளர்வு கிடைத்ததும் சிக்கைப் பிரித்துச் சுற்றைச் சரியாகப் போட்டு, எடையை மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்தச் சின்ன வளையக் கயிறு கருவிப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஏன் ஏறியது? கயிறு குழாயின் ஒரு முனையில் நுழைந்து, ஒரே திசையில் நகர்ந்து, மறுமுனையில் வெளியேற வேண்டும். வாலைப் பிடிப்பவர் நுழையும் பக்கமாக வந்து நின்றால் சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கும். வாலில் துளிகூட இழுவை இல்லாமல் விட்டாலும் சுற்று தளர்ந்து ஏறும். இவை இரண்டும் நிற்கும் இடத்தை மாற்றினால் தீரும். குழாய் நடுவில் வெல்ட் மேடு இருந்தாலோ, இரண்டு துண்டுப் பைப்பை ஒட்டிச் செய்திருந்தாலோ சுற்று அந்த மேட்டைத் தாண்டி நகராமல் அங்கேயே குவியும். கிரைண்டரால் மேட்டைச் சமன் செய்யலாம், ஆனால் ஒட்டு வெல்டைத் தேய்த்தால் பலமும் தேயும். ஒரே பைப்பில் புதிதாகச் செய்வதுதான் சரி.

கயிறு முறுக்கேறிச் சுருள்கிறது

மூன்று புரி முறுக்குக் கயிறா? அப்படியென்றால் எந்தக் கருவியிலும் இது வரும். வழக்கமான வலமுறுக்குக் கயிற்றைக் கடிகார முள் திசையில் சுற்றுங்கள், முறுக்கு பிரியாது. ஒவ்வொரு துண்டு இறங்கியதும் வாலை உதறி நேராக்குங்கள். பின்னல் கயிற்றுக்கு மாறினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பொல்லார்டு மரத்தில் மேலே ஏறுகிறது

எடை வந்ததும் கருவி கீழே இழுக்கப்படுவதில்லை, மேலே இழுக்கப்படுகிறது. மேலே கப்பி, கீழே நீங்கள். நடுவில் இருப்பது மேலேதான் போகப் பார்க்கும். பலர் ஸ்லிங்கை வேருக்குச் சற்று மேலே, மரம் அகலமாக விரிகிற இடத்தில் கட்டுகிறார்கள். பார்க்கப் பலமாக இருக்கும். ஆனால் ஸ்லிங் ஒரு சாண் மேலே போனால் மரம் சிறுக்கிறது, கட்டுத் தளர்கிறது, இன்னும் ஏறுகிறது. தென்னையின் பருத்த அடியில் இது கண்ணெதிரே நடக்கும்.

மரம் ஒரே பருமனாக இருக்கும் இடத்தில் கட்டுங்கள். வெட்டிய கிளையின் அடிக்கட்டையோ முண்டோ இருந்தால் அதற்குக் கீழே கட்டினால் இன்னும் நல்லது. வழவழப்பான மரத்தில் பெல்ட் ஸ்லிங்கை இரண்டு தடவை சுற்றிச் சுருக்குப் போடுங்கள். வேலை தொடங்கும் முன் உங்கள் முழு உடல் எடையும் விழும்படி கயிற்றைத் தொங்கி இழுத்துக் கட்டை இறுக்கிக்கொள்ளுங்கள். அந்த மரம் வெட்டப்படப் போவதில்லை, பக்கத்து மரம்தான் என்றால் பட்டைக்குச் சாக்கு வைத்துக் கட்டுங்கள். மரத்தையே பொல்லார்டாக்கிக் கயிற்றை நேரடியாகச் சுற்றும் பழைய வழக்கம் வாழும் மரத்துக்கு வேண்டாம். ஓடும் கயிறு பட்டையைச் சுட்டு உரித்துவிடும், உயிர்த்தோல் அதற்குக் கீழேதான் இருக்கிறது.

கையுறையில் கறுப்பு, குழாயில் பள்ளம்

அலுமினியக் கருவி கயிற்றையும் கையுறையையும் கறுப்பாக்கும். கயிறு அதனால் கெட்டுப்போகாது, குழாய் தேய்கிறது என்பதற்கான அடையாளம் அது. நகத்தைக் குழாயின் நீளவாக்கில் ஓட்டுங்கள். பள்ளத்தில் நகம் இறங்கி ஏறினால் வெர்னியர் எடுத்து, கயிறு படாத இடத்தின் விட்டத்தையும் பள்ளத்தின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் விட்டத்தில் 2 மி.மீ. குறைவு என்பது தகட்டுக் கனத்தில் 1 மி.மீ. போய்விட்டது என்பது. வாங்கிய கருவிக்கு எவ்வளவு தேய்மானம் வரை தாங்கும் என்று அதோடு வரும் தாளில் இருக்கும், அதன்படி நடந்துகொள்ளுங்கள். பட்டறைக் கருவிக்கு அப்படித் தாள் இல்லை. கால் பங்கு கனம் போனால் கழித்துவிடுவது என்று நான் வைத்திருக்கிறேன். தைரியக்காரர் இதைவிடத் தள்ளுவார், நான் சொல்ல மாட்டேன்.

கொம்பு வளைந்தது, வெல்ட் ஓரத்தில் ஒரு கோடு

இதைப் பார்த்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. பட்டறைக் கருவி உடைவது நடுக்குழாயில் இல்லை, கொம்போ தொங்குவளையமோ குழாயைத் தொடும் வெல்ட் ஓரத்தில்தான். உருகிய உலோகம் முடிந்து பழைய உலோகம் தொடங்கும் அந்த விளிம்பில் மெல்லிய துருக்கோடு ஓடினால் பெயின்ட்டுக்குக் கீழே விரிசல் இருக்கலாம். பெயின்ட்டை எடுத்துவிட்டு டை பெனிட்ரன்ட் போட்டுப் பாருங்கள். வெல்டிங் சாமான் கடையில் மூன்று ஸ்ப்ரே டப்பாவாகக் கிடைக்கும்: கழுவுவதற்கு ஒன்று, சிவப்புச் சாயம், வெள்ளைப் பொடி. சாயத்தைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, பொடியை அடியுங்கள். வெள்ளைக்கு மேல் சிவப்புக் கோடு எழும்பி வந்தால் விரிசல். அதன் மேல் இன்னொரு வெல்ட் ஓட்டி மறைப்பது சரிசெய்தல் ஆகாது.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் கைவசம் இருந்த பொருளை வைத்துச் செய்ததுதான். கொம்புக்கு டி.எம்.டி. கம்பி வைப்பார்கள். அதன் வெளித்தோல் சூடாக்கித் திடீரென்று குளிரவைத்துப் பலமேற்றியது, வெல்ட் சூட்டில் அந்தப் பலம் போய்விடும். போதாததற்கு அதன் வரிகள் கயிற்றை அறுக்கும். லாரி ஸ்பிரிங் பட்டையும் பழைய ஆக்ஸிலும் கடினமான எஃகு. சாதாரண வெல்டிங் ராடு வைத்து ஒட்டினால் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கக்கூடும். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சை எடுக்காமல் வெல்ட் செய்தால் வெல்டுக்குள் துளைகள் விழும், அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சலும் கொண்டுவரும். சாதாரண மைல்ட் ஸ்டீல் பைப்பும் சாதாரண உருண்டைக் கம்பியும் போதும். கம்பியைக் குழாயில் துளையிட்டு இந்தப் பக்கம் நுழைத்து அந்தப் பக்கம் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் வெல்ட் செய்தால், வெல்ட் விட்டாலும் கம்பி உடனே பிய்ந்து வராது. மேலே ஒட்டிவைத்த கொம்புக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

சரி, எடை போட்டு இழுத்துப் பார்த்தால் போதாதா? பார்க்க வேண்டும், ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்து பார்க்க வேண்டும். இரண்டு மரங்களுக்கு நடுவில் பொல்லார்டு, கிரேன் தராசு, செயின் பிளாக் மூன்றையும் வரிசையாகக் கட்டி, நீங்கள் இறக்க நினைக்கும் அதிகபட்ச விசையைப்போல 2 மடங்கு இழுங்கள். இழுக்கும் நேரத்தில் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. முன்பும் பின்பும் கொம்பு முனைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து, மாறியிருந்தால் கழித்துவிடுங்கள். மாறவில்லை என்றால் அன்று அந்த எடையைத் தாங்கியது என்று மட்டும் அர்த்தம். எங்கே உடையும் என்று தெரிய ஒன்றை உடைத்தே ஆக வேண்டும். ஒரே பைப்பில் ஒரே வெல்டரிடம் இரண்டு செய்து, ஒன்றைப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலோ தனியார் சோதனைக்கூடத்திலோ யு.டி.எம். என்ற பலம் சோதிக்கும் இயந்திரத்தில் இழுத்து உடைத்துப் பார்க்கலாம். அப்படிச் செய்தவரின் கருவியை நான் நம்புவேன். அதன் செலவைக் கூட்டிப் பார்த்தால் வாங்குவது ஏன் அந்த விலை என்பதும் புரியும்.

பிரிட்டனில் 1998-ல் வந்த லோலர் விதிகளின்படி எடை தூக்கும் சாதனங்களைத் தகுதியுள்ளவர் குறித்த காலத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதிக்க வேண்டும். ஆள் தூக்குபவையும் ஸ்லிங், ஷேக்கிள் போன்ற துணைச் சாமான்களும் 6 மாதத்துக்கு ஒருமுறை, மற்றவை 12 மாதத்துக்கு ஒருமுறை. வாங்கிய கருவியென்றாலும் இந்தச் சோதனை உண்டு. நம் வேலைக்கு 6 மாதக் கணக்கையே எடுத்துக்கொண்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

வாங்கிய கருவிதான், ஆனால் நம்பிக்கை வரவில்லை

குழாயில் 25 கே.என். என்று பொறித்திருக்கிறது. ஒரு கிலோநியூட்டன் சுமார் 102 கிலோ, ஆக 2,500 கிலோ தாங்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெறும் எண் மட்டும் இருந்தால் அதை உடையும் எடையாகத்தான் கொள்ள வேண்டும். வேலை எடை என்றால் டபிள்யூ.எல்.எல். என்று தனியாகப் போட்டிருக்கும். 5-ல் ஒரு பங்கு என்று வைத்தால் அந்த 25 உங்களுக்கு 510 கிலோ விசைதான். முன்பு பார்த்த 100 கிலோ துண்டு அரை மீட்டரில் நின்ற கணக்கை நினைத்துப் பாருங்கள், ஒரே இழுப்பில் தீர்ந்துவிட்டது.

தயாரித்தவர் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை, பயன்படுத்தும் தாள் இல்லை, எண் மட்டும் பளிச்சென்று இருக்கிறது என்றால் அதையும் பட்டறைக் கருவியாகவே நடத்துங்கள். பெட்டியில் வந்தது என்பதற்காகச் சலுகை கிடையாது.

பட்டறைக் கருவியை எங்கே பயன்படுத்தலாம் என்று கேட்டால் என் எல்லை இது: சின்னக் கிளைகள், கயிறு முன்பே இறுகியிருந்து விழாமல் இறங்கும் துண்டுகள், கீழே ஓடு, வண்டி, ஆள் எதுவும் இல்லாத இடம். மேல்மரத்தை வெட்டித் தள்ளி அதே மரத்தில் கயிற்றில் பிடிக்கும் வேலைக்கு வாங்கிய, எண் தெரிந்த கருவிதான்.

ஆள் தொங்கும் கருவியில் கோளாறு

ஏறுபவர் தன் கயிற்றில் வைத்திருக்கும் உராய்வுக் கருவி வழுக்கினாலும் சிக்கினாலும், ஒன்றைத்தான் கேட்க வேண்டும்: அது எங்கே செய்தது? படம் பார்த்துத் தகடு வெட்டி, லேத்தில் துளை போட்டுச் செய்ததென்றால் சரிசெய்ய வேண்டாம். தகட்டின் ஓரம் 1 மி.மீ. ஆரம் குறைந்தாலும், கேம் (கயிற்றை அழுத்திப் பிடிக்கும் சுழலும் பகுதி) ஒரு டிகிரி மாறினாலும் பிடிப்பு மாறிவிடக்கூடும், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே இருக்கும்போதே கோளாறு வந்தால் இடுப்புக் கயிற்றை மரத்தில் சுற்றி மாட்டி உடல் எடையை அதற்கு மாற்றி, புருசிக் முடிச்சைப் போட்டு, அதில் இறங்கி வாருங்கள். தரைக்கு வந்ததும் அந்தத் தகட்டைக் கிரைண்டரால் இரண்டாக வெட்டிப் போடுங்கள், அப்போதுதான் வேறு யாரும் பையிலிருந்து எடுத்து மாட்ட மாட்டார்கள்.